ஐந்து முறை மாட்டிய ஹெட்டு

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் பாதையில் இருந்த ஜக்கையன் தோட்டத்துக்கு 1925 ஆவணியில் ஒரு டிராக்டர் வந்தது. ஓடி வரவில்லை. பதினேழு துண்டுகளாக, நான்கு மாட்டு வண்டிகளில் வைக்கோல் போட்டு ஏற்றி வந்தார்கள். அந்தத் துண்டுகளை ஒன்று சேர்த்து ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டவன் கன்னையன்.

கன்னையனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. போடியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். பதினாறு வயதில் கொட்டகுடிக்குப் போய் விஞ்சில் வேலைக்குச் சேர்ந்தான். மலை மேலிருந்த தேயிலையை இரும்புக் கயிற்றில் தொங்கும் தொட்டிகளில் வைத்து அடிவாரத்துக்கு இறக்குவார்களே, அதைத்தான் ஊரில் விஞ்சு என்பார்கள். முதலில் கப்பிகளுக்கு எண்ணெய் விட்டான். பிறகு அங்கே ஓடிய ஒற்றைச் சிலிண்டர் ஆயில் இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் ஆனான். 1924 ஆடியில் மலையே கரைந்து வருவதுபோல் வெள்ளம் வந்தது. மேலே ரயில் பாதையும் பாலங்களும் போயின. தேயிலை வரத்துக் குறைந்ததும் ஆட்களைக் குறைத்தார்கள். கன்னையன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அதே வருஷம் தோட்டத்துக்காரர் ஜக்கைய நாயக்கருக்கு வேறொரு அடி விழுந்தது. கோமாரி வந்து அவருடைய பதினோரு உழவு மாடுகளில் ஒன்பது செத்தன. நாற்பது குறுக்கம் மானாவாரி நிலம் உழாமல் கிடந்தது. மலை மேல் ஒரு எஸ்டேட்டில் பழைய டிராக்டர் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், போய்ப் பார்க்காமலேயே வாங்கினார். மலையிலிருந்து அதை ஓட்டி இறக்கப் பாதை கிடையாது. அதனால் கழற்றி விஞ்சில் இறக்கினார்கள். மேல் முனையில் நின்று ஒவ்வொரு துண்டையும் கட்டி அனுப்பியவன் அமாவாசை. கன்னையனின் மனைவி மருதாயிக்கு உடன்பிறந்த தம்பி.

நான்கு சிலிண்டர் டிராக்டர் இஞ்சினைக் கன்னையன் அதுவரை தொட்டதில்லை. ஜக்கையன் கேட்டபோது, தொட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். எட்டு மாதமாக மனைவி ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கிக் கொண்டுவரும் கூலியில் சாப்பிட்டவன். இஞ்சின் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்றும் நினைத்தான். ஜக்கையன் சந்தோஷப்பட்டு, வண்டி ஓடினால் கன்னையன்தான் டிரைவர், அமாவாசை இரண்டாவது ஆள் என்று சொல்லிவிட்டார். அமாவாசையும் விஞ்சு வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்தான்.

சக்கரம், கியர்ப்பெட்டி, ரேடியேட்டர் எல்லாம் பன்னிரண்டு நாளில் கூடிவிட்டன. மச்சானும் மாப்பிள்ளையுமாகத் தூக்கி வைத்தார்கள். கடைசியில் மிஞ்சியது சிலிண்டர்களின் மேலே மூடுகிற ஹெட்டு. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய வார்ப்பிரும்புப் பாளம். அதைப் பன்னிரண்டு போல்ட்டுகள் போட்டு இறுக்க வேண்டும். ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே பேக்கிங் வைக்க வேண்டும். சிலிண்டருக்குள் வெடிக்கும் காற்று வெளியே போகாமலும், சுற்றி ஓடுகிற தண்ணீர் உள்ளே வராமலும் தடுப்பது அந்தப் பேக்கிங்தான். எஸ்டேட்டிலிருந்து வந்த பழைய பேக்கிங் ஓரத்தில் கிழிந்திருந்தது.

புதியது வேண்டுமென்று மதராஸுக்குக் கடிதம் எழுதினார்கள். சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்று பதில் வந்தது. புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும்.

முதல் தடவை பழைய பேக்கிங்கையே விளக்கெண்ணெய் தடவி வைத்து இறுக்கினான். அமாவாசை ஹாண்டிலைச் சுற்றினான். இஞ்சின் இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றது. நாலாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தண்ணீர் சொட்டியது.

அது எதிர்பார்த்ததுதான் என்று கன்னையன் சமாதானம் சொன்னான். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டி வரும் ஈயத்தகடு அவனுக்கு நினைவு வந்தது. நான்கு பெட்டிகளை வாங்கி உரித்து, தகட்டை மடிப்பு மடிப்பாக அடுக்கி, அளவாக வெட்டி வைத்தான். இஞ்சின் கிளம்பிவிட்டது. தோட்டத்தில் கூடியிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜக்கையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் ஓடியிருக்கும். சூடேறியதும் ஈயம் உருகி ஓரத்தில் வழிந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. பிறகு அது கிளம்பவேயில்லை.

உருகிய ஈயம் தண்ணீர் ஓடும் துவாரங்களில் போய் அடைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே மூன்று நாள் ஆயிற்று. கன்னையனுக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது வேலிப் பக்கம் நின்று பார்த்தாலே எரிச்சல் வந்தது. தினமும் மத்தியானத்தில் ஏழெட்டுப் பேர் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் அரக்கு ஊற்றச் சொன்னார். ஒருவர் கிழக்கே பார்த்து நிறுத்தச் சொன்னார். ஜக்கையன் அதிகம் பேச மாட்டார். அன்று மட்டும், அந்த ஒன்பது மாடும் உசுரோட இருந்திருந்தா இந்நேரம் பாதிக் காடு உழுதிருக்கும் என்று பொதுவாகச் சொன்னார். அது கன்னையனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மூன்றாவது தடவை செம்புத் தகடு. பாத்திரக் கடையில் நல்ல தகடாகத் தேடி வாங்கி, பன்னிரண்டு போல்ட் துளைகளையும் நான்கு சிலிண்டர் வட்டங்களையும் தண்ணீர்த் துவாரங்களையும் உளியால் வெட்டி எடுத்தான். நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மிருதுவாக்கினான். இரண்டு நாள் வேலை. விரல் நுனி எல்லாம் கீறல். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, பன்னிரண்டு போல்ட்டையும் மூன்று சுற்று வந்து இறுக்கினான். தண்ணீர் வந்துகொண்டிருந்தது நாலாவது சிலிண்டர் மூலையில் என்பதால், அந்த மூலையில் இருந்த பதினோராவது போல்ட்டை மட்டும் ஸ்பானரில் குழாயைச் சொருகி, முழு பலத்தையும் போட்டுத் திருகினான். மற்றதெல்லாம் கொஞ்சம் இழுவையாகப் போய் நிற்கும். அது மட்டும் கல்லில் மோதியதுபோல் டக்கென்று நின்றது. அந்தப் போல்ட்டின் மேல் அவனுக்கு நம்பிக்கை வந்தது.

தண்ணீர் ஊற்றினார்கள். ஹாண்டிலைச் சுற்றுவதற்கு முன்பே நாலாவது பிளக் துளையில் சொட்டு எட்டிப் பார்த்தது.

கன்னையன் ஸ்பானரைத் தூக்கி எறிந்தான். அது ரேடியேட்டரில் பட்டு ஒரு பள்ளம் விழுந்தது. பிறகு ஹெட்டைக் கழற்றி, கவிழ்த்துப் போட்டு, இரும்பு அளவுகோலை நிறுத்தி அதன் அடியில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தான். ஒரு மூலையில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஓரத்தில் ஒரு சின்ன வடுவும் இருந்தது.

என்ன கோளாறு என்று ஜக்கையன் கேட்டார். வேப்பமரத்தடியில் எட்டுப் பேர் இருந்தார்கள். அமாவாசை ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"ஹெட்டு வளைஞ்சிருக்கு மொதலாளி. விஞ்சுல இறக்கும்போது கீழ போட்டிருக்காங்க" என்றான் கன்னையன்.

"யாரு இறக்குனது?"

கன்னையன் அமாவாசையைத் திரும்பிப் பார்த்தான்.

அமாவாசைக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் போடல மச்சான். வைக்கோல் சுத்தி, சாக்குல பொதிஞ்சு, ஒரு புள்ளையப் படுக்க வைக்கிற மாதிரி தொட்டியில வச்சேன். கீழ இறக்குனவங்களையும் கேட்டுப் பாரு."

"அப்ப இந்த வடு எப்படி வந்துச்சு?" என்று கன்னையன் கேட்டான்.

அமாவாசைக்கு அது தெரியவில்லை. தெரியாது என்று சொன்னான். ஜக்கையன் சத்தம் போடவில்லை. ஒரு ஹெட்டைப் பத்திரமாக இறக்கத் தெரியாதவனை வண்டியில் ஏற்ற முடியாது, வேறு சோலி பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அமாவாசை கை எண்ணெயை மண்ணில் துடைத்துவிட்டு வேலியைத் தாண்டிப் போனான். மறுநாள் அவன் கழுதைப் பாதையில் போடிமெட்டுக்கு ஏறிப் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

மருதாயி சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாள். மத்தியானம் ஸ்டோரிலிருந்து நேராகத் தோட்டத்துக்கு வந்து கேப்பைக் கூழும் வெங்காயமும் வைத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவனும் வீம்புக்குப் பேசவில்லை. தான் சொன்னது சரிதான் என்று நிரூபித்துவிட்டால் அவளே பேசுவாள் என்று எண்ணினான்.

அதற்காக ஹெட்டின் அடிப்பக்கத்தை அராவி மட்டமாக்கத் தொடங்கினான். மட்டம் பார்க்க மேடுபள்ளமே இல்லாத ஒரு பொருள் வேண்டும். ஜக்கையன் வீட்டுக் கூடத்தில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று இருந்தது. வீட்டுக்காரம்மா முகம் சுளித்தபடி அதைக் கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடியில் விளக்குக் கரியையும் எண்ணெயையும் குழைத்துப் பூசி, அதன் மேல் ஹெட்டை மெதுவாக வைத்து எடுப்பான். மேடான இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டும். அந்தக் கறுப்பை அரத்தால் தேய்ப்பான். மறுபடி வைப்பான். மறுபடி தேய்ப்பான். ஹெட்டைத் தூக்கி வைக்க ஆள் வேண்டும், ஆனால் அமாவாசையைப் போல இடமறிந்து பிடிக்கிறவர் யாரும் இல்லை. பண்ணையாட்கள் விரலை நசுக்கிக்கொண்டார்கள். ஒருநாள் கண்ணாடியின் ஓரம் விரிசல் விட்டது. அதைச் சொல்ல ஜக்கையன் வீட்டு வாசலில் அவன் வெகுநேரம் நின்றான்.

ஏழாம் நாள் ஹெட்டு முழுவதும் ஒரே சீராகக் கறுப்பு ஒட்டியது. எங்கே அளவுகோலை வைத்தாலும் வெளிச்சம் இல்லை. செம்புப் பேக்கிங்கை மறுபடி காய்ச்சி மிருதுவாக்கி வைத்து, நாலாவது தடவையாக ஹெட்டை மாட்டினான். பன்னிரண்டு போல்ட்டையும் இறுக்கினான். தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிளக் துளைக்குள் விரலை விட்டான்.

விரல் ஈரமாக வந்தது.

அவன் அப்படியே டிராக்டரின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஜக்கையன் அருகில் வந்து, தேவாரத்தில் இரண்டு ஜோடி மாடு சொல்லியிருக்கிறேன், நாளைக்குப் போய்ப் பார்க்கப்போகிறேன் என்றார். இஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கன்னையனுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. இன்னொன்றும் அவனை அரித்தது. வளைவு போன பிறகும் தண்ணீர் வருகிறது என்றால் கோளாறு வளைவில் இல்லை. அப்படியானால் அமாவாசையைச் சொன்னது? அதற்கு மேல் நினைக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

மருதாயி கூழ்ச்சட்டியோடு வந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவள் சட்டியை வைத்தாள். பிறகு தரையில் கிடந்த கந்தையை எடுத்து, ஹெட்டின் மேல் வழிந்திருந்த எண்ணெயையும் தண்ணீரையும் துடைக்க ஆரம்பித்தாள். பகல் முழுதும் ஏலக்காயில் ஓட்டைக் காயையும் பிஞ்சையும் விரலாலேயே தடவிப் பிரிக்கிறவள். போல்ட் தலைகளைச் சுற்றி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தவள் கடைசி மூலையில் நின்றாள்.

"இந்த வளையம் சுத்துது" என்றாள். ஒன்பது நாளில் அவனிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை.

கன்னையன் தலையைக்கூடத் தூக்காமல், அதுதான் இருக்கிறதிலேயே டைட்டான போல்ட்டு, பேசாமல் போ என்றான்.

"டைட்டா இருந்தா ஏன் சுத்துது? மத்தது ஒண்ணும் அசையல. நீயே தொட்டுப் பாரு."

அவன் எழுந்து வந்தான். பதினோராவது போல்ட்டின் தலைக்கு அடியில் இருந்த வாஷரை விரலால் தள்ளினான். அது லேசாக, தடையில்லாமல் சுற்றியது. ஸ்பானரைப் போட்டு அந்தப் போல்ட்டைத் திருகிப் பார்த்தான். கல்போல் நின்றது, ஒரு இம்மிகூட நகரவில்லை. மறுபடி வாஷரைத் தள்ளினான். சுற்றியது.

போல்ட் ஹெட்டை அமுக்கவே இல்லை. துளையின் அடியில் எதிலோ போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. இத்தனை நாளும் அவன் முழு பலத்தையும் போட்டு இறுக்கியது ஹெட்டை அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

போல்ட்டைக் கழற்றிவிட்டு, மருதாயி தோட்டத்து விளக்குமாற்றிலிருந்து உருவிக் கொடுத்த ஈர்க்குச்சியைத் துளைக்குள் விட்டு, நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்தான். பக்கத்துத் துளையில் அதே குச்சி ஒரு நெல் நீளம் கூடுதலாக இறங்கியது. மீதிப் பத்துத் துளைகளிலும் அப்படியே. ஹெட்டைத் தூக்கிவிட்டு, ஒரு ஆணியை உளிபோல் தட்டிக் கூராக்கித் துளையின் அடியில் கொத்தினான். முதலில் ஒன்றும் பெயரவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டுக் கொத்தியபோது செம்பழுப்பாகத் தூள் வந்தது. துருவும் மண்ணும் கலந்து இறுகிக் கல்லாகியிருந்தது. அந்த மண் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. வெள்ளம் வந்தபோது எஸ்டேட்டில் ஹெட்டைக் கழற்றிப்போட்ட நிலையில் இஞ்சின் சேற்றில் மூழ்கிக் கிடந்திருக்கிறது. ஹெட்டின் வளைவும் வடுவும்கூட அப்போது வந்தவையாக இருக்கலாம். சிலிண்டரையும் தண்ணீர் வழிகளையும் சுத்தம் செய்த கன்னையன் போல்ட் துளைகளுக்குள் துணி சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்ததோடு சரி. அடியில் மண் இருக்கும் என்று நினைக்கவில்லை. சேதி அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஐந்தாவது தடவையாக ஹெட்டை மாட்டினான். பதினோராவது போல்ட்டும் மற்றவற்றைப் போலவே கொஞ்சம் இழுவையாகப் போய் நின்றது. பன்னிரண்டு வாஷரையும் விரலால் தள்ளிப் பார்த்தான். தண்ணீரை ஊற்றிவிட்டு ஒரு நாழிகை காத்திருந்தான். பிளக் துளை காய்ந்தே இருந்தது. இஞ்சின் ஏழாவது சுற்றில் கிளம்பி, மத்தியானம் வரை நிற்காமல் ஓடியது. மாடு பார்க்கப் புறப்பட்ட ஜக்கையன் பாதி வழியில் ஆள் விட்டு அழைக்கப்பட்டுத் திரும்பி வந்தார். தேங்காய் உடைத்தார்கள். எல்லோரும் கன்னையனைப் பாராட்டினார்கள். கோளாறு என்னவென்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது மருதாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவன் எங்க இருக்கான்னு தெரியுமா உனக்கு?"

விடிந்ததும் கன்னையன் கழுதைப் பாதையில் ஏறினான். ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்கும் கழுதைகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, போடிமெட்டைத் தாண்டி விசாரித்துப் போனான். அமாவாசை ஓர் ஏலத்தோட்டத்துக் காய் உலர்த்தும் கொட்டகைக்கு விறகு சுமந்துகொண்டிருந்தான். தோளில் தோல் உரிந்திருந்தது. கன்னையனைப் பார்த்ததும் விறகுக் கட்டை இறக்காமலே நின்றான்.

கன்னையன் நடந்ததைச் சொன்னான். துளையில் மண் இருந்ததையும், ஹெட்டு விழுந்ததால் வந்த கோளாறு அது இல்லை என்பதையும், தான் தப்பாகச் சொல்லிவிட்டதையும் சொன்னான். வண்டி ஓடுகிறது, வா போவோம் என்றான்.

"நாயக்கருகிட்டச் சொன்னியா?" என்று அமாவாசை கேட்டான்.

கன்னையன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"எட்டுப் பேரு முன்னால வச்சுச் சொன்ன. இங்க காட்டுக்குள்ள வந்து எங்கிட்ட மட்டும் தனியாச் சொல்ற. எனக்குத்தான் அது முதல்லயே தெரியுமே மச்சான்." கங்காணி கூப்பிடவே, அமாவாசை விறகோடு போய்விட்டான்.

இறங்கி வரும் வழியெல்லாம் கன்னையனுக்குக் கோபமாக வந்தது. இவ்வளவு தூரம் ஏறி வந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரவில்லை என்று கோபம். அவன் கேட்டதில் தப்பில்லை என்பதால் அதைவிடக் கோபம். ஜக்கையனிடம் சொன்னால் தன் பேர் என்ன ஆகும் என்று யோசித்தான். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி ஒரு மாதத்தை வீணாக்கியதும் சேர்ந்து வெளியே வரும்.

மறுநாள் காட்டில் முதல் உழவு. தேவாரத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். டிராக்டர் கலப்பையை இழுத்துக்கொண்டு மூன்று சால் ஓடியது. மூன்றாவது சாலின் முடிவில், கூட்டம் நின்ற இடத்துக்கு நேரே வந்ததும் கன்னையன் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"அமாவாசை ஹெட்டக் கீழ போடல மொதலாளி. போல்ட் ஓட்டையில மண்ணு இருந்துச்சு. நான்தான் பாக்காம விட்டேன். இந்த மாதிரி இஞ்சின நான் இதுக்கு முன்னால கழட்டினதும் கெடையாது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஜக்கையனின் முகம் இறுகியது. "இதைச் சொல்றதுக்கு ஓடுற வண்டிய ஏன் நிப்பாட்டின?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நியாயம் இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடிச் சூடேறிய இஞ்சின் மறுபடி கிளம்ப மறுத்தது. கன்னையனும் மூன்று பண்ணையாட்களும் மாறி மாறி ஹாண்டிலைச் சுற்றினார்கள். உள்ளங்கை கொப்பளித்தது. வந்தவர்கள் வெயில் தாங்காமல் கலைந்து போனார்கள். பொழுது சாயும் நேரத்தில் இஞ்சின் ஆறியதும் முதல் சுற்றிலேயே கிளம்பியது. அன்று உழுதது ஏழு சால்தான்.

ஜக்கையன் கன்னையனை வேலையிலிருந்து நீக்கவில்லை. வேறு ஆள் அவருக்குக் கிடைக்கவும் மாட்டான். அமாவாசையை வரச்சொல்லித் தோட்டத்தாள் ஒருவனை மெட்டுக்கு அனுப்பினார். அமாவாசை வரவில்லை. நாயக்கர் ஆள் விட்டதே போதும் என்று சொல்லி அனுப்பினான். தைப் பொங்கலுக்கு அக்காள் வீட்டுக்கு வந்தான். கன்னையனோடு உட்கார்ந்து சாப்பிட்டான். மலையில் பெய்யும் மழையைப் பற்றியும், காய்க்கு வந்திருக்கும் பூச்சியைப் பற்றியும் பேசினான். பேச்சில் இரண்டொரு மலையாள வார்த்தை வந்து விழுந்தது. டிராக்டரைப் பற்றி அவனும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

டிராக்டர் மூன்று வருஷம் உழுதது. அந்த மூன்று வருஷத்தில் ரேடியேட்டர் இரண்டு தடவை ஒழுகியது. மழை பெய்த கரிசலில் புதைந்து மாடு கட்டி இழுத்தார்கள். எதற்கும் கன்னையனைத்தான் திட்டினார்கள். பிறகு ஜக்கையன் மாடு வாங்கிவிட்டு, இஞ்சினை மட்டும் கிணற்றுக்கு மேல் பதித்துத் தண்ணீர் இறைக்க வைத்தார். கன்னையன் அதோடேயே இருந்தான். அமாவாசை மெட்டிலேயே கல்யாணம் செய்துகொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை இறங்கி வந்தான். வரும்போதெல்லாம் மருதாயிக்கு மடி நிறையப் பச்சை ஏலக்காய் கொண்டுவருவான். கிணற்று மேட்டில் இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டாலும் அந்தப் பக்கம் மட்டும் அவன் போனதே இல்லை.